க்ரோப்பர் சந்து ஜன்னல்

நெவில் சோவர்பி சரியான பயந்தாங்கொள்ளி. யார்க் நகரத்தில் இருபது வருடத்துக்கு மேல் பேய்க்கதை சொல்லிப் பிழைத்தவனைப் பற்றி இப்படிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் அவன் பயம் பேயைப் பற்றியதல்ல. பேய் கிடையாது என்று எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கேஸை அணைத்தோமா, ரயில் முன்கூட்டியே கிளம்பிவிடுமா, ஊஸ் ஆறு இந்த வருடம் எந்தப் படி வரை ஏறும், மாடிப்படியில் கால் வழுக்குமா, இதெல்லாம்தான் அவன் பயம். பக்கத்தில் இருக்கிற லீட்ஸுக்குப் போக வேண்டுமென்றாலும், பிடிக்க வேண்டிய ரயிலுக்கு முந்தின ரயில் கிளம்புவதற்குள் ஸ்டேஷனில் போய் நிற்பான்.

போன நவம்பரில் ஒருநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான்.

“கிர்ஸ்டி வர்றா,” என்றான்.

கிர்ஸ்டி அவனுடைய ஒரே மகள். கனடாவில், வான்கூவரில் இருக்கிறாள். ஏழு வருடத்துக்கு முன்னால் அம்மாவை அடக்கம் பண்ண வந்தவள்தான், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அப்பா பிறந்தநாளுக்கு ஒரு போன், அவ்வளவோடு சரி.

“நல்ல விஷயந்தானே? அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கே?”

“ஜனவரியில வர்றா. ஒரு வாரம். எங்கெங்க போறதுன்னு இப்பவே முடிவு பண்ணணுமாம். மின்ஸ்டர் தேவாலயத்துக்குப் போகணும், கோட்டைச் சுவர் மேல நடக்கணும், ரயில் மியூசியம் பாக்கணும்...” அவன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். “பேய் நடை ஒண்ணு போகணுமாம்.”

“அட, அவளுக்கு இல்லாத பேய் நடையா? என்கூட அனுப்பு. உன் பொண்ணுகிட்ட நான் டிக்கெட்டா கேக்கப் போறேன்?”

“க்ளெண்டா, அந்தப் படகுக்காரன் கதை அவ காதுல விழக் கூடாது.”

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

இருட்டின பிறகு இருபது முப்பது வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போய், பழைய கட்டடங்களுக்குக் கீழே நிறுத்தி, அங்கே செத்தவர்களைப் பற்றி நடுங்க நடுங்கச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊருக்கு இது தோதான தொழில். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவள். நெவில்தான் என்னை இதில் இழுத்துவிட்டான். “நூறு பிள்ளைங்களை ஒரு அதட்டல்ல உக்கார வைக்கிறே, உனக்கு இது ஜுஜுபி,” என்றான்.

அவனை இதில் இழுத்துவிட்டவள் அவன் பெண்டாட்டி மேவிஸ். நெவில் ரயில் பெட்டி கட்டுகிற தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தான். அதை இழுத்து மூடியபோது நாற்பதைத் தாண்டியிருந்தான். வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, வாடகை என்ன ஆகும், கூரை என்ன ஆகும் என்று புலம்பிக்கொண்டிருந்தான். மேவிஸ் சாக்லேட் தொழிற்சாலைக்காரி. அவள் பக்கத்தில் நின்றால் கோகோ வாசனை அடிக்கும். “தினமும் என்னைப் பயமுறுத்துறியே, அதையே காசு குடுக்கிறவங்ககிட்டப் போய்ப் பண்ணு,” என்று சொல்லி, செத்துப்போன மாமாவின் கறுப்புக் கோட்டைப் பிரித்து அவன் அளவுக்குத் தைத்துக் கொடுத்தாள்.

அவர்கள் அப்போது க்ரோப்பர் சந்தில், பூட்டுக் கடைக்கு மேலே மாடி வீட்டில் இருந்தார்கள். முதல் நாள் நடையில் நெவில் தன் வீட்டுக்குக் கீழேயே வந்து நின்றதும் எல்லாம் மறந்துபோய்விட்டது. வாய் உலர்ந்துவிட்டது. கூட்டம் முழிக்கிறது. மேலே ஜன்னலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த மேவிஸ், தன் மோதிரத்தால் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினாள். கூட்டம் அலறியது. நெவிலுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், அண்ணாந்து பார்த்து, “கெட்டிலைப் போடு மேவிஸ், இதோ வந்துட்டேன்,” என்றான். அலறின கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அன்றையிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவன் கூட்டத்தை நிறுத்திக் கையைத் தூக்குவான், அவள் தட்டுவாள், அவன் டீக்குக் கெட்டிலைப் போடச் சொல்வான். காய்ச்சலோ பனியோ, ஒரு நாள்கூட அவள் தவறியதில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மாரடைப்பில் அவள் போனபோது அவன் நடையில் இருந்தான், அது எங்களுக்குத் தெரியும். அடக்கம் முடிந்து எல்லோரும் ஹாம் சாண்ட்விச்சோடு நின்றுகொண்டிருந்தபோது கிர்ஸ்டி சத்தமாகவே சொன்னாள்: “ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் உங்களுக்கு நேரம் இருந்துச்சு. எங்க அம்மாவுக்குத்தான் இல்ல.” மறுநாள் விமானம் ஏறிவிட்டாள்.

நெவில் ஹோல்கேட் பக்கம் சின்ன வீட்டுக்கு மாறினான். அடுத்த குளிர்காலத்தில் மறுபடி தொழிலுக்கு வந்தான். அப்போது பிறந்தவன்தான் அந்தப் படகுக்காரன். இருநூறு வருடத்துக்கு முன் ஊஸ் ஆற்றில் படகு ஓட்டியவன். ராத்திரி குடிகாரக் கூட்டாளிகளோடு சந்துக்குள் வருவான், பெண்டாட்டி மாடி ஜன்னலில் மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டுவாள். ஒருநாள் தட்டு வரவில்லை. ‘இன்னிக்கு அவளுக்கு லீவு’ என்று கூட்டாளிகளிடம் கேலி பேசிச் சிரித்துவிட்டு, சாராயக் கடைக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது அவள் விறைத்துக் கிடந்தாள். கதை இவ்வளவுதான். ஆனால் நெவில் அதைச் சொன்னால் தடித்தடி ஆட்களெல்லாம் மூக்கைச் சிந்துவார்கள்.

எங்கள் தொழிலில் கதைக்குச் சொந்தக்காரன் கிடையாது. ஒருத்தன் தெருவில் வாய்விட்டால், அடுத்த வாரம் இன்னொருத்தன் அதை இரண்டு கொலை சேர்த்துச் சொல்லுவான். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. படகுக்காரனையும் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். ஜெர்வேஸ் என்று ஒருத்தன், நாடகத்தில் ராஜா வேஷம் போட்ட மிதப்பு இன்னும் இறங்காதவன், அவன் அதில் விஷம் சேர்த்தான். நான் விஷம் சேர்க்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். “அந்தப் படகுக்காரனைப் பாத்து எல்லாரும் ஒரு ‘சீ’ போடுங்க,” என்பேன். முப்பது பேர் சேர்ந்து “சீ...” என்பார்கள். சந்து முழுக்க எதிரொலிக்கும்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நெவில் நடையை விட்டுவிட்டான். ஆனால் சில நாள் என் கூட்டத்தின் பின்னால் வந்து நின்று கேட்பான். ஓசியில் பொழுதுபோக்குகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

“அவ அந்தக் கதையைக் கேட்டா என்ன இப்போ?” என்றேன் சமையலறையில். “மேவிஸை நெனச்சுக் கட்டின கதைன்னு அவளுக்குப் புரியும். புரியட்டுமே. மோதிரம் இருக்கு, தட்டு இருக்கு. பொண்ணுக்குப் பெருமையாத்தான் இருக்கும்.”

“கட்டின கதை இல்ல க்ளெண்டா.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தேன்.

“அன்னிக்கு அவ தட்டல,” என்றான். “நிறுத்தினேன். கையைத் தூக்கினேன். தட்டு வரல. அத்தனை பேரும் என் மூஞ்சியையே பாக்குறாங்க. மேல விளக்கு எரியுது. டிவி பாத்துக்கிட்டே தூங்கிட்டான்னு நெனச்சேன். ‘பேய் இன்னிக்கு லீவு போட்டிருக்கு’ன்னேன். சிரிச்சாங்க. நல்லாவே சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டு ஆத்தங்கரைப் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டேன். எல்லாக் கதையும் சொன்னேன். ஒண்ணுகூட விடல. முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து பாத்தா, ஜன்னல் பக்கத்துல, கெட்டில்கிட்ட விழுந்து கெடந்தா.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“உடனே பாத்திருந்தா பொழச்சிருக்கலாம், பொழைக்காமலும் போயிருக்கலாம்னார். அந்த மனுஷன் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.” மூக்கை உறிஞ்சினான். “நான் வெளிய இருந்தேன்னு மட்டுந்தான் கிர்ஸ்டிக்குத் தெரியும். ஜன்னலுக்குக் கீழயே நின்னேன்னு தெரியாது. சிரிச்சேன்னு தெரியாது. அந்தத் தட்டு எப்படின்னு அவளுக்கு நல்லாத் தெரியும், சின்னப் பிள்ளையில அவளும் சேர்ந்து தட்டியிருக்கா. கதையைக் கேட்டா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவா. இப்பத்தான் வரேன்னு சொல்லியிருக்கா. அப்புறம் வரவேமாட்டா.”

இத்தனை வருடம், வாரத்தில் நாலு நாள், ஊர் பேர் தெரியாதவர்களை விட்டு அவன் முகத்தில் ‘சீ’ என்று துப்பவைத்திருக்கிறேன். அவனும் பின்னால் நின்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். எனக்குக் கோபமும் வந்தது. முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

“சரி, திட்டம் போடுவோம்,” என்றேன்.

திட்டம் போடுவதென்றால் நெவிலிடம் விட்டுவிட வேண்டும். டிசம்பர் முழுக்க, வலிக்கிற முழங்காலோடு, ஒவ்வொரு நடையும் எந்த மூலையில் எப்போது நிற்கிறது என்று பின்தொடர்ந்து பார்த்து வைத்தான். மகள் படுக்கப் போகிற அறையில் ஈரம் ஏறுகிறதா என்று தானே இரண்டு இரவு படுத்துப் பார்த்துச் சளி பிடித்துக்கொண்டான். புது ஹீட்டர் வாங்கினான், அது தீப்பிடிக்குமோ என்று திருப்பிக் கொடுத்தான், குளிரில் அவள் விறைத்துவிடுவாளோ என்று மறுபடி போய் வாங்கினான். கனடாவில் இருப்பவளுக்கு யார்க் குளிர் ஒரு குளிரா என்று கேட்டதற்கு, “அங்க வீடு கதகதப்பா இருக்கும் க்ளெண்டா, இங்க வீட்டுக்குள்ளதானே குளிரு,” என்றான். அது உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கிர்ஸ்டி வீடியோவில் வருவாள். அவன் ஒரு ஆளாகச் சமாளிக்க முடியாதென்று என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வான்.

“ராத்திரி சாப்பாட்டை நாலரைக்கே முடிச்சுரலாம்மா,” என்றான் ஒருநாள்.

“நாலரைக்கு எந்த ஊர்ல அப்பா ராத்திரி சாப்பாடு?”

“ஜனவரியில ரோடு வழுக்கும். இருட்டுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துரணும்.”

“பேய் நடையைப் பட்டப்பகல்லயா நடத்துறாங்க இப்போ?” என்றாள். சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை. மேவிஸின் தாடை அப்படியே இருந்தது அவளுக்கு.

“பேய் நடை எதுக்கும்மா, எல்லாம் பொய். வியாழக்கிழமை நாம விட்பிக்குப் போறோம். கடல் பாக்கலாம். மீன் சாப்பிடலாம். அங்கயே தங்கிட்டு மறுநாள் வரலாம்.”

“விட்பி புதன்கிழமை போலாம். வியாழக்கிழமை சாயங்காலம் நடை. அதுல மாத்தம் கிடையாதுப்பா.”

திரை அணைந்ததும் அவன் புது வருடச் சுவர்க் காலண்டரில் ஜனவரியைத் திருப்பினான். விரலை ஒரு கட்டத்தில் வைத்து என்னைப் பார்த்தான். அந்த வியாழக்கிழமை மேவிஸ் செத்த தேதி.

“அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு,” என்றான். “யாரோ சொல்லிட்டாங்க. அதே நாள்ல, அதே எடத்துல என்னை நிக்கவச்சுக் கேக்கப் போறா.”

“யாரும் சொல்லல. எனக்கே நீ போன மாசந்தானே சொன்னே?” என்றேன். சொல்லிக்கொண்டே நானும் அந்தத் தேதியை இன்னொரு தரம் பார்த்தேன்.

மிச்சமிருந்தது ஒரே வழி. ஊரில் இருக்கிற பேய் நடைக்காரர்கள் எல்லோரும் அந்த ஒரு வாரம் படகுக்காரனை விட்டுவிட வேண்டும். நான் ஒவ்வொருத்தரையாகப் பார்த்தேன். பெரும்பாலும் ஏன் எதற்கு என்று கேட்காமல் தலையாட்டிவிட்டார்கள். நெவிலிடம் தொழில் கற்காதவர்கள் எங்களில் குறைவு. ஜெர்வேஸ் மட்டும் ஆட்டம் காட்டினான். அவனைக் கூட்ரம்கேட் தெருவில் ஒரு பப்பில் பிடித்தோம், நெவிலும் கூட வந்திருந்தான்.

“என் நடையில ஜனங்க கைதட்டுறதே அந்த ஒரு இடத்துலதான்,” என்றான் ஜெர்வேஸ், மீசையில் ஒட்டின பீர் நுரையைத் துடைக்காமல். “அதைத் தூக்கிட்டா நான் எதைச் சொல்றது? முழங்காலுக்குக் கீழ இல்லாத ரோமாபுரி சிப்பாய்ப் பேயையா? அவனை ஊரே தேய்ச்சுத் தேய்ச்சு, இப்போ இடுப்புக்குக் கீழயும் ஒண்ணும் மிச்சமில்ல.”

“ஒரு வாரந்தான் ஜெர்வேஸ்,” என்றான் நெவில்.

“காரணம் சொல்லு. நீ பெத்த கதை, நீயே கழுத்தை நெரிக்கச் சொல்றே. எதுக்கு?”

நெவில் கோப்பையைத் தூக்கப் போனான், அது தட்டில் கடகடவென்று ஆடியது, மறுபடி வைத்துவிட்டான். ஜெர்வேஸ் அந்தக் கோப்பையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். ராஜா வேஷக்காரனுக்கும் கண் இருக்கிறது.

“சரி விடுப்பா,” என்றான். “அந்த வாரம் என் படகுக்காரனுக்குக் காய்ச்சல். படுத்துட்டான். போதுமா?”

நெவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஜெர்வேஸ் தானாக உருவிக்கொண்டான்.

எல்லாம் கட்டிவைத்தாயிற்று என்று நினைத்தோம். ஆற்றை மறந்துவிட்டோம். ஆற்றுக்குப் பயந்தே வாழ்ந்தவன்கூட இந்த ஒரு முறை அதை மறந்துவிட்டான். கிர்ஸ்டி வந்து இறங்கின மறுநாளிலிருந்து மலைப்பக்கம் மழை கொட்டியது. செவ்வாய்க்கிழமை ஊஸ் கரையேறியது. புதன்கிழமை விட்பிக்குப் போகிற சாலையில் மரம் விழுந்து, அப்பாவும் மகளும் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். வியாழக்கிழமை ஆற்றங்கரையும் பள்ளத்துச் சந்துகளும் மூடி, மணல் மூட்டை அடுக்கிவிட்டார்கள். நான் கிர்ஸ்டிக்காகவே யோசித்து வைத்திருந்த பாதை முழுக்கத் தண்ணீர். கூட்டத்தை மேட்டுத் தெருக்களில்தான் கொண்டுபோக முடியும். அதற்குக் க்ரோப்பர் சந்தைவிட்டால் வேறு வழி இல்லை.

“நீ வராதே, வீட்டுல இரு,” என்று நெவிலுக்குப் போன் பண்ணினேன்.

“வராம எப்படி இருப்பேன்? என்ன ஆகுதோன்னு உக்காந்துகிட்டு இருந்தா அங்கயே செத்துருவேன்,” என்றான்.

சாயங்காலம் அவன் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். கிர்ஸ்டி சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி ஒரு எட்டு தள்ளியே நடந்தாள். அந்த நாலு நாளும் அவர்கள் வானிலையைத் தவிர ஒன்றும் பேசவில்லையென்று பார்த்தாலே தெரிந்தது. பர்மிங்காமிலிருந்து வந்த ஒரு கும்பல், ஒரு ஜப்பானியத் தம்பதி, இன்னும் சிலர் இருந்தார்கள். முதல் நாலு இடத்தில் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. கைமணியை அடித்தேன், கத்தினேன், அவர்கள் பயந்தார்கள்.

க்ரோப்பர் சந்துக்குள் நுழைந்ததும், “இங்க கல்லு வழுக்கும், நிக்காம வந்துக்கிட்டே இருங்க,” என்று குரல் கொடுத்துவிட்டு வேகமாக நடந்தேன். பாதி தாண்டியிருப்போம்.

“க்ளெண்டா ஆன்ட்டி.”

திரும்பினேன். கிர்ஸ்டி பூட்டுக் கடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

“இங்க நிறுத்தமாட்டீங்களா?”

“அங்க ஒண்ணும் கிடையாது கண்ணு. வா.”

“எங்க அம்மா ஜன்னல் இருக்கே.” கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் கவலைப்படவில்லை. “அப்பா, நீங்க நிறுத்துவீங்களே, அதே மாதிரி ஒரு தடவை நிறுத்துங்க.”

“வேணாம் கிர்ஸ்டி.”

“நான் இதுக்குத்தான்பா வந்தேன்.”

நெவில் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய? அவன் கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, சந்தின் நடுவில் பழைய இடத்தில் போய் நின்றான். எந்தக் கல் என்று அவன் காலுக்குத் தெரிந்திருந்தது. தொண்டையைச் செருமினான்.

“சீமான்களே, சீமாட்டிகளே. இந்த மாடியில ஒரு பொம்பளை இருக்கா. ரொம்பப் பொல்லாதவ. கல்யாணமான ஆம்பளைங்க கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்க, வீட்டு ஞாபகம் வந்து மயக்கம் போட்டுருவீங்க.” சிரிப்பு எழுந்தது. “நான் கையைத் தூக்கினா, அவ என்னைக் கூப்பிடுவா. மூச்சுவிடாமக் கேளுங்க.”

கையைத் தூக்கினான். சந்து அடங்கியது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாடியில் விளக்கு எரிந்தது, இப்போது அங்கே யாரோ மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவன் கை இறங்கவே இல்லை.

“அன்னிக்கும் இப்படித்தான் வரல,” என்றான். அது நடைக்காரனின் குரல் இல்லை. அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை, மகளை மட்டும் பார்த்தான். “நான் இதே எடத்துலதான்மா நின்னுக்கிட்டிருந்தேன். தட்டு வரல. மேல போய்ப் பாத்திருக்கணும். பத்துப் படிதான். ‘பேய் இன்னிக்கு லீவு போட்டிருக்கு’ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.”

பர்மிங்காம் கும்பலில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். இதுவும் கதை என்று நினைத்துவிட்டான் பாவி. நெவிலின் முகம் போன போக்கைப் பார்த்து, கையிலிருந்த கம்பால் சிரித்தவனை ஒரு போடு போட்டிருப்பேன்.

கிர்ஸ்டி சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. தொப்பியைக் கழற்றி இரண்டு கையிலும் பிசைந்துகொண்டு நின்றாள்.

“அம்மா அப்போ என்கூட போன்ல இருந்தாப்பா,” என்றாள்.

நெவிலின் கை மெல்ல இறங்கியது.

“எனக்கு அங்க மத்தியானச் சாப்பாட்டு நேரம். நெஞ்சு என்னமோ மாதிரி இருக்கு, சாப்பிட்டது சேரல போலன்னு சொன்னா. அப்பா கூட்டத்தோட வந்துட்டார், சத்தம் கேக்குது, தட்டணும்னா. நான், ‘சரி போம்மா, தட்டிட்டு வந்து கூப்பிடு’ன்னு சொல்லி வச்சுட்டேன். கூப்பிடல. தூங்கிட்டா போலன்னு நெனச்சு நான் வேலைக்குப் போயிட்டேன். நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னவளைத் தட்டப் போன்னு அனுப்பினது நான்தான்.” அவள் உதடு கோணியது. “அன்னிக்கு ஜனங்க முன்னாடி உங்களைச் சொன்னதெல்லாம், என்னைச் சொல்லிக்கத் தைரியமில்லாமத்தான்பா சொன்னேன். ஏழு வருஷமா இதைச் சொல்ல முடியல. போன்ல சொல்ல வரல எனக்கு. இங்க வந்து நின்னாத்தான் சொல்ல முடியும்னு தோணுச்சு.”

இருபது பேருக்கு நடுவில் அப்பாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் தும்மக்கூட இல்லை. அந்தப் பர்மிங்காம்காரனும் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

அப்போது மேலே கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

மொத்தக் கூட்டமும் அலறியது. நானும்தான், எதற்கு மறைப்பானேன், மணியைக் கீழே போட்டுவிட்டேன். தட்டு இரண்டல்ல, நாலைந்து இருக்கும், ஆத்திரமான தட்டு. ஜன்னல் திறந்து, தலையில் துண்டு சுற்றின ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“தெனம் தெனம் இங்கயே வந்து நின்னு உயிரை வாங்குறீங்களே! நாளைக்கு எனக்குப் பரீட்சை!”

நெவில் அண்ணாந்து பார்த்தான். இருபது வருடப் பழக்கம், அவனைக் கேட்காமலே வாய் சொல்லிவிட்டது.

“கெட்டிலைப் போடு மேவிஸ், இதோ வந்துட்டேன்.”

“என்னது?” என்றாள் அந்தப் பெண்.

கிர்ஸ்டியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பென்றுதான் நினைத்தேன். பாதியிலேயே அது அழுகையாக உடைந்து, அவள் போய் அப்பாவின் கறுப்புக் கோட்டைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முகத்தைப் புதைத்தாள். அவன் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, “வழுக்கும்மா, பாத்து நில்லு, வழுக்கும்,” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜப்பானிய அம்மாள் என் பக்கத்தில் வந்து, இதுவும் நடையில் சேர்ந்ததா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றேன். கம்பைப் பூட்டுக் கடைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மணியைப் பொறுக்கிக்கொண்டு, மற்றவர்களை அடுத்த தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

கிர்ஸ்டி கிளம்புகிற நாளைத் தள்ளிப்போட்டாள். அந்த வாரம் முடிந்த திங்கட்கிழமை, ஸ்டோன்கேட் தெருவில் ஜெர்வேஸ் எதிரே வந்தான்.

“வாரம் ஆயிடுச்சு. நம்ம படகுக்காரனுக்குக் காய்ச்சல் எறங்குச்சா? இன்னிக்கு எழுப்பிக் கூட்டிட்டுப் போகலாமா?”

“இல்லப்பா,” என்றேன். “அவன் வியாழக்கிழமையே போயிட்டான்.”